சின்னக் கடைக்கு டெக் கன்சல்டன்ட் ஆகணுமா? சித்தேரியில் இருந்து யோசிப்போம்

நம்ம படிப்பை வெச்சு சம்பாதிக்க பெங்களூருக்குத்தான் போகணும்னு இல்லை. சொந்த ஊர் மளிகைக் கடைக்கும் மாவு மில்லுக்கும் டெக் ஆலோசனை சொல்றதும் ஒரு தொழில்தான். தர்மபுரி மாவட்டம் சித்தேரியை உதாரணமா எடுத்துக்குவோம். சாமை, கேழ்வரகு, புளி எல்லாம் விளையற மலை. பெரிய கடைவீதின்னா அரூருக்கு இறங்கணும். இந்த மாதிரி ஊர்ல தாக்குப்பிடிக்கிற யோசனை எங்கேயும் தாக்குப்பிடிக்கும்.

1. ஆப் பத்திப் பேசாதீங்க

முதல் நாள் கடையில சும்மா உட்காருங்க. கடன் கணக்கு எங்க எழுதறாங்க? சரக்கு தீர்ந்தது எப்போ தெரியுது? நோட்டுப் புத்தகம் ஒழுங்கா ஓடினா, அதை மாத்தவே வேணாம். "இது உங்களுக்குத் தேவையில்லண்ணா"ன்னு சொல்றதும் ஆலோசனைதான்.

2. சிக்னல் பாருங்க

யுபிஐ சவுண்ட்பாக்ஸுக்குள்ள ஒரு சிம் இருக்கு. கடைக்குள்ள டவர் எடுக்கலைன்னா அது பேசாது, வாடகை மட்டும் போகும். அதனால எந்த சிம் எங்க எடுக்குதுன்னு நாமளே சோதிச்சுட்டு வாங்கச் சொல்லணும். பட்டன் போன் வெச்சிருக்கிற வாடிக்கையாளருக்கு, இன்டர்நெட் இல்லாமலே பணம் அனுப்ப யுபிஐ 123பே 2022-லயே வந்தாச்சு.

3. இலவசத்தை இலவசம்னே சொல்லுங்க

2020 ஜூலையில் தொடங்கின உத்யம் பதிவுக்கு அரசுக் கட்டணம் கிடையாது. கூகுள் மேப்ஸ்ல கடையைச் சேர்க்கவும் காசு இல்லை. உங்க நேரத்துக்குக் கூலி வாங்கலாம், தப்பில்லை. ஆனா அதை "அரசாங்க ஃபீஸ்"னு சொல்லி வாங்கக் கூடாது.

4. ஆன்லைன்ல விற்கிறதுக்கு முன்னாடி

தமிழ்நாட்டில் பொருள் விற்கிற கடைக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் தாண்டினாதான் பொதுவா ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். 2023 அக்டோபர் 1 முதல், ஆன்லைன் தளம் வழியா மாநிலத்துக்குள்ளேயே விற்கிற சின்ன வியாபாரிக்கும் இந்தச் சலுகை உண்டு. ஆனா லேபிள் ஒட்டின ஒரு பாக்கெட் சாமையை பெங்களூருக்கு விற்றாலும் பதிவு வேணும். பாக்கெட்ல 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ எண், எடை, பேக் செஞ்ச மாதம், எம்ஆர்பி எல்லாம் இருக்கணும். வெப்சைட் டிசைன் பண்றதுக்கு முன்னாடி இதை முடிங்க.

5. சாவி அவங்க கையில

இதுதான் ரொம்ப முக்கியம். அவசரத்துக்கு உங்க நம்பரையும் உங்க மெயிலையும் போட்டு அக்கவுண்ட் திறந்துடாதீங்க. நாளைக்கு உங்களுக்கு சென்னையில வேலை கிடைச்சா, ஓடிபி உங்க போனுக்கு வரும். கடைக்காரர் தன் கடையோட பக்கத்தையே திறக்க முடியாம நிப்பார். கூகுள்ல அவரை உரிமையாளரா வெச்சு, உங்களை மேனேஜரா சேர்த்துக்கலாம். யுபிஐ பின்னைக் கேட்கவே கேட்காதீங்க. பணம் வாங்க பின் போட வேண்டியதில்லைன்னு வீட்ல எல்லாருக்கும் சொல்லிக் கொடுங்க. பல மோசடிகள் அங்கதான் ஆரம்பிக்குது.

6. உங்க கணக்கு

என்ன செய்வீங்க, எவ்வளவு வாங்குவீங்க, எத்தனை நாள் வந்து பார்ப்பீங்கன்னு ஒரே தாள்ல தமிழ்ல எழுதிக் கொடுங்க. சேவைத் தொழிலுக்கு ஆண்டு வரவு 20 லட்சம் வரைக்கும் பொதுவா ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை, அதனால ஆரம்பிக்க கம்பெனி எல்லாம் வேணாம். முதல்ல ஒரே ஒரு கடை எடுங்க. நீங்க இல்லாதப்பவும் அது தானா ஓடுச்சுன்னா, அடுத்த கடைக்காரருக்கு அவரே உங்க நம்பரைக் கொடுப்பார்.