கடல் வரைபடமும் மலை வரைபடமும்

கடதாசி வரைபடமா, இலத்திரனியல் வரைபடமா என்ற விவாதம் கடலோடிகளிடையே சில காலமாக நிகழ்ந்து வருகின்றது. பெரும் வணிகக் கப்பல்களைப் பொறுத்தவரை அது முடிந்துவிட்டது எனலாம். 2012 தொடக்கம் 2018 வரை இலத்திரனியல் வரைபடத் தொகுதி அவற்றுக்குப் படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்டது. சிறு பாய்க்கலங்களில் செல்வோரிடையே விவாதம் இன்னும் ஓயவில்லை. வானம் தெளிந்த நாளில் மட்டும் அப்புத்தளை மலைமுகட்டிலிருந்து கடலைக் காணும் ஊவா மக்களுக்கு இதனால் யாது பயன் என்ற வினா எழக்கூடும். பயன் உண்டு.

2014 நவம்பர் 29 இரவு, உலகைச் சுற்றும் போட்டியில் ஈடுபட்டிருந்த 'வெஸ்தாஸ் விண்ட்' என்ற பாய்க்கலம் மொறீசியசுக்கு வடகிழக்கேயுள்ள பவளப்பாறைத் திட்டில் மோதியது. அதிலிருந்த ஒன்பது பேரும் உயிர் தப்பினர். அத்திட்டு இலத்திரனியல் வரைபடத்தில் இல்லாமலில்லை. ஆனால் பரந்த கடலை ஒருங்கே காட்டும் அளவுத்திட்டத்தில் நோக்கியபோது அது ஆழங்குறைந்த கடற்பகுதியாகவே தோன்றியது. உருப்பெருக்கிப் பார்த்திருப்பின் பாறை தெரிந்திருக்கும். கடதாசி வரைபடத்தில் எதனை வரைவது, எதனை விடுவது என்பதை வரைபவரே ஒரேமுறை தீர்மானிக்கின்றார். திரையிலோ அளவு மாறுந்தோறும் அத்தெரிவும் மாறுகின்றது. கடதாசிக்கும் குறையுண்டு. புதிதாக அறியப்படும் ஒவ்வோர் ஆபத்தையும் மாலுமி தன் கையாலேயே அதில் திருத்திக் குறிக்க வேண்டும்.

இவ்விபத்துக்குச் சரியாக ஒரு மாதம் முன்னர், அக்டோபர் 29 காலை, பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் லயன்கள் மண்ணுள் புதைந்தன. இங்கு வரைபடம் எதனையும் மறைக்கவில்லை. மண்சரிவு அபாயத்தை வரைபடமாக்கும் பணி 1990 இல் பதுளை, நுவரெலியா மாவட்டங்களிலேயே தொடங்கிற்று. 1:10,000 என்ற, கண்ணுக்கு நன்கு புலப்படும் அளவுத்திட்டத்தில். 2005 இலும் 2011 இலும் எச்சரித்ததாக அதிகாரிகள் கூறினர். குடியேற வேறிடம் தரப்படவில்லை என மக்கள் கூறினர். இவ்விரு கூற்றுகளும் ஒருசேர உண்மையாக இருத்தல் கூடும் என்பதே கவனிக்கத்தக்கது. பாறையைக் கண்ட மாலுமி சுக்கானைத் திருப்பலாம். குடியிருக்கும் லயன் தோட்டத்துக்குரியது, அடுத்த சரிவும் தோட்டத்துக்குரியது என்றிருக்கும் தொழிலாளியிடம் திருப்புவதற்குச் சுக்கான் இல்லை. புதைந்தோருக்கான எழுபத்தைந்து வீடுகள் 2016 இலேயே கையளிக்கப்பட்டன; அந்நிலம் 2005 இலும் அங்கேதான் இருந்தது.

இந்நிலைமை வரைபடத்தின் வரலாற்றோடும் தொடர்புடையது. 1840 ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டத்தின் பின் மலைநிலம் அளக்கப்பட்டது, பெருமளவிற்கு விற்பதற்காகவே. தோட்டப் படங்கள் உற்பத்திக்காக வரையப்பட்டவை. தேயிலை மலைகளுக்கு இலக்கமுண்டு. தொழிற்சாலைக்கும் துரை பங்களாவுக்கும் இடமுண்டு. லயன் வெறும் நீள்சதுரம். இன்றைய திரையிலும் அது பெரும்பாலும் பெயரற்ற கூரைதான். தோட்ட அலுவலகத்தின் முகவரியே நூற்றுக்கணக்கான குடும்பங்களின் முகவரியாயிருக்கும் நிலையில் வேறெவ்வாறு இருக்கும்?

இலத்திரனியல் வரைபடத்தை மறுப்பது எமது நோக்கமன்று. ஒரு சரிவின் பின் மாறிய நிலத்தை அது விரைவிற் காட்டும். மழைமானியின் அளவோடு இணைக்கவும்படும். ஆயினும் 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி மலையகத்தைத் தாக்கியபோது பல இடங்களில் மின்சாரமும் தொலைத்தொடர்பும் அறுந்தன. அத்தகைய இரவில் கைத்தொலைபேசித் திரை உதவாது. உப்புநீரும் மின்கலமும் கைவிடக்கூடும் என்றறிந்த கடலோடி, திரையை நம்பிய பின்னரும் கடதாசியைச் சுருட்டிக் கலத்தில் வைத்திருக்கின்றான். பிரட்டுக்களத்திலும் பிள்ளை மடுவத்திலும் அத்தகைய தாளொன்று தொங்கவேண்டும்: தமிழில், ஓடைகளும் லயன்களும் மக்கள் வழங்கும் பெயர்களுடன், மழை எந்த அளவைத் தாண்டினால் எந்த லயன் எவ்வழியே எவ்விடத்துக்கு வெளியேறுவது என்ற குறிப்புடன். அவ்விடம் யாருக்குரிய காணி என்பதையும் அத்தாளில் எழுதியாக வேண்டும்.