இன்னொரு ரயில் வெளியே காத்திருக்கும்

2017-ல் தங்கையின் பிரசவத்துக்கு ஒத்தாசையாகக் கலிபோர்னியா போயிருந்தேன். அங்கே சான் பிரான்சிஸ்கோவுக்கும் சான் ஹோசேவுக்கும் நடுவே ‘கால்ட்ரெயின்’ ஓடுகிறது. நம்ம கடற்கரை–தாம்பரம் வண்டி மாதிரிதான். ஆபீஸ் போகிற ஜனங்களே அதிகம்.

தங்கை வீட்டுக்குப் பக்கத்து ஸ்டேஷன் பிராட்வே. சனி, ஞாயிறு மட்டும்தான் அப்போது வண்டி நிற்கும். இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே ஒடுக்கமாக ஒரு பிளாட்பாரம். வடக்கே போகிற வண்டியில் ஏறவோ இறங்கவோ, தெற்கே போகிற தண்டவாளத்தைக் குறுக்கே நடந்துதான் கடக்க வேண்டும். கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு அதைத் தாண்டுவதென்றால்? எனக்கு வயிற்றைக் கலக்கியது.

“பயப்படாம வா அக்கா, அந்த வண்டி வெளியிலேயே நிக்கும்” என்றாள் தங்கை.

அவள் வீட்டுக்காரர்தான் விவரமாகச் சொன்னார். இதற்கு ‘ஹோல்டு அவுட்’ விதி என்று பெயராம். ஒரு ரயில் ஸ்டேஷனில் நின்று ஆட்களை ஏற்றி இறக்கும்போது, அடுத்த தண்டவாளத்தில் வருகிற ரயில் உள்ளே வரக்கூடாது. இறங்கியவர்கள் கடந்து போய், முதல் வண்டியும் கிளம்பின பிறகுதான் நுழையலாம். அங்கே நிற்காமல் போகிற எக்ஸ்பிரஸுக்கும் இதேதான். இரண்டு வண்டிகளும் ஒரே சமயத்தில் நெருங்கினால், யார் முதலில் நுழைவது என்று வண்டிக்காரர்கள் ரேடியோவில் பேசிக்கொள்வார்களாம். ஒரே குளியலறை உள்ள வீட்டில் காலையில் நாம் குரல் கொடுத்துக் கேட்டுக்கொள்கிறோமே, அந்த மாதிரி!

வெளியே நிற்கிற வண்டியில் இருப்பவர்கள் கடிகாரத்தைப் பார்த்து முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டுமே! நின்றிருக்கிற ரயில் எதிரே வருகிற ரயிலை மறைத்துவிடும். இதன் சத்தத்தில் அதன் சத்தமும் காதில் விழாது. இறங்கின அவசரத்தில் இருப்பவருக்கு இதெல்லாம் தோன்றுமா?

நம் சென்னை மின்சார ரயில் ஸ்டேஷன்களில் இரண்டு பக்கமும் ஒன்றாகவே வண்டி வரும். ஒன்றுக்காக மற்றொன்று வெளியே நிற்காது. ஆகவே சகோதரிகளே, தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு படியேறுவது கஷ்டம்தான், ஆனாலும் மேம்பாலத்திலேயே போங்கள். பையைக் கூட வருகிறவரிடம் கொடுத்துவிட்டு, ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அங்கேயும் இந்த விதியால் வண்டிகள் தாமதமாவதால், ஸ்டேஷன்களையே மாற்றி வருகிறார்கள். ஆதர்டன் ஸ்டேஷனை 2020 டிசம்பரில் மூடிவிட்டார்கள். தெற்கு சான் பிரான்சிஸ்கோவில் 2022-ல் புதுப் பிளாட்பாரமும் அதற்குப் போகச் சுரங்கப்பாதையும் வந்துவிட்டன. அங்கே இப்போது யாரும் தண்டவாளத்தில் கால் வைக்க வேண்டியதில்லை.