ஏரிக்கரையில் ஒரு பாடம்

கல்விச் சுற்றுலா வீண் செலவு என்று கருதும் ஊராட்சி உறுப்பினர் சிலர் உளர். சென்ற தை மாதம் நம் ஒன்றியப் பள்ளி மாணாக்கருடன் வேடந்தாங்கலுக்கும் உத்திரமேரூருக்கும் சென்றுவந்தபின், அக்கருத்து தவறென உணர்ந்தோம்.

வேடந்தாங்கல் ஏரியிலுள்ள மரங்களில் நாரைகளும் நீர்க்காகங்களும் கூடு கட்டியிருந்தன. அவற்றின் எச்சம் நீரில் கலக்கிறது. அந்நீர் பாயும் வயல்களுக்கு அதுவே உரமாகிறது. இப்பயனை அறிந்த அவ்வூரார், பறவைகளைச் சுடலாகாதென முறையிட்டு, 1798-ஆம் ஆண்டிலேயே செங்கற்பட்டுக் கலெக்டரிடம் காப்புப் பத்திரம் பெற்றனர்.

அங்கிருந்து உத்திரமேரூர் சென்றோம். முதலாம் பராந்தக சோழர் காலத்தில், 919, 921-ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற கல்வெட்டுகள் அங்கு உள்ளன. 30 குடும்புகளிலிருந்து குடவோலை வழியே வாரிய உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த முறையை அவை கூறுகின்றன. கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் தகுதியற்றோர். ஏரியைப் பேணுதற்கென்றே ஏரி வாரியம் இருந்தது.

“நம் ஊர் ஏரிக்கு எந்த வாரியம், ஐயா?” என்று ஒரு மாணவி வினவினாள். நம்மால் உடனே விடை கூற இயலவில்லை.

ஆதலின் ஊராட்சி உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுக்கொரு முறையேனும் குழந்தைகளை உள்ளூர் ஏரிக்கு அழைத்துச் செல்லுங்கள். மதகு, கலங்கல், வரத்துக்கால்வாய் ஆகியவற்றை மூத்த உழவர்களே காட்டி விளக்கட்டும். இதற்குப் பேருந்துச் செலவும் இல்லை. கால்வாய் தூர்ந்திருப்பின் குழந்தைகள் காரணம் கேட்பர். அதற்கு விடை கூறும் கடமை நம்முடையது.