கார்பன் சக்கரம்: எடை மட்டும் பார்த்தால் போதுமா?

ஒரு காலத்தில் கெடா தோட்டப்புறங்களில் சைக்கிள் என்றால் பால்மரம் வெட்டப் போகும் வண்டி. எவ்வளவு பாரம் தாங்கும் என்பதே அதன் பெருமை. இன்று பீடோங், சுங்கைப்பட்டாணி, கூலிம் சாலைகளில் விடியற்காலையில் பந்தய சைக்கிள்களைக் காணலாம். லங்காவித் தீவின் பெயரைத் தாங்கி 1996இல் தொடங்கிய அனைத்துலகச் சைக்கிளோட்டப் போட்டி, இந்த விளையாட்டின் மீது ஆசையைத் தூண்டியது. இப்போது பெருமை எடைக் குறைவுக்குத்தான்.

"கார்பன் சக்கரம் இருந்தால்தான்பா ஜெயிக்க முடியும்" என்று மகன் கேட்கிறான். நல்ல கார்பன் சக்கர ஜோடியின் விலையோ பல ஆயிரம் ரிங்கிட். 2025இல் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்தது. தோட்டக் குடும்பம் ஒன்றுக்கு இது சில மாத உழைப்பு. அந்தப் பணத்திற்கு என்ன கிடைக்கிறது?

சாதாரண அலுமினியச் சக்கர ஜோடி 1,800 கிராம் என்று வைத்துக்கொள்வோம். லேசான கார்பன் ஜோடி 1,400 கிராம். மிச்சம் 400 கிராம். அரை லிட்டர் தண்ணீர்ப் போத்தலை விடக் குறைவு. 70 கிலோ எடையுள்ள ஒருவர், 8 கிலோ சைக்கிளில் ஜெராய் மலைச் சாலையில் 1,000 மீட்டர் உயரம் ஏறுகிறார். 200 வாட் சக்தியோடு மிதித்தால் ஒரு மணி நேரத்திற்கும் மேலாகும். அந்த 400 கிராம் மிச்சப்படுத்தித் தருவது சுமார் 20 விநாடிதான். வெற்றிக்கும் தோல்விக்கும் இடையே 20 விநாடி பெரிதுதான். ஆனால் முறையான பயிற்சியில் அதைவிட அதிகம் குறைக்கலாம். தவிர, அனைத்துலகச் சைக்கிளோட்டச் சம்மேளனத்தின் விதிப்படி 2000ஆம் ஆண்டு முதல் பந்தய சைக்கிளின் எடை 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது.

சமதரையில் கதை வேறு. மணிக்கு 30 கிலோமீட்டரைத் தாண்டினால் ஓட்டுநரைப் பிடித்து இழுப்பது எடையல்ல, காற்று. அலோர்ஸ்டாரைச் சுற்றியுள்ள வயல்வெளிச் சாலைகளில் 40 முதல் 50 மில்லிமீட்டர் ஆழமுள்ள ரிம், எடை சற்றுக் கூடினாலும் அதிகம் உதவும். அதற்காக ஆழத்தைக் கூட்டிக்கொண்டே போவதும் ஆபத்து. திறந்தவெளியில் பக்கவாட்டுக் காற்று முன்சக்கரத்தைத் தள்ளிவிடும். 50 கிலோ எடையுள்ள இளையோருக்கு முன்சக்கரம் ஆழம் குறைந்ததாக இருப்பதே நல்லது. சம்மேளனமும் 2026 முதல் கூட்டாகப் புறப்படும் சாலைப் போட்டிகளில் ரிம் ஆழத்தை 65 மில்லிமீட்டருக்குள் கட்டுப்படுத்தியுள்ளது.

எல்லாவற்றையும் விட முக்கியமானது பிரேக். அதே ஓட்டுநர் ஜெராயிலிருந்து இறங்கும்போது வெளியாகும் ஆற்றல், இரண்டரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. ஒரு பகுதியைக் காற்று வாங்கிக்கொள்ளும். மீதியைப் பிரேக் தாங்க வேண்டும். ரிம்மைக் கட்டை கவ்விப் பிடிக்கும் பழைய வகைப் பிரேக்கில் அந்தச் சூடு ரிம்மில்தான் ஏறுகிறது. அலுமினியம் சூட்டை வேகமாகப் பரப்பி வெளியேற்றும். கார்பன் இழைகளைப் பிணைத்திருப்பதோ ஒருவகைப் பிசின். சூடு எல்லை மீறினால் பிசின் இளகி, ரிம் புடைத்துக்கொள்ளும், டியூப்பும் வெடிக்கலாம். மழை நாளில் கார்பன் ரிம்மில் பிரேக் பிடிப்பும் குறையும். எனவே இத்தகைய சக்கரத்திற்குக் கார்பனுக்கென்றே செய்த பிரேக் கட்டைகளை மட்டுமே பயன்படுத்த வேண்டும். இறக்கத்தில் தொடர்ந்து பிடித்துக்கொண்டே வராமல், விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும். டிஸ்க் பிரேக் சைக்கிளில் சூடு தனித் தட்டில் ஏறுவதால் இந்தக் கவலை இல்லை. 2018இல் தொழில்முறைச் சாலைப் போட்டிகளில் டிஸ்க் பிரேக்கிற்கு முழு அனுமதி கிடைத்த பிறகு அதுவே பெருவழக்காகிவிட்டது.

டயரும் பொருந்த வேண்டும். இப்போது பல கார்பன் ரிம்களில் டயரைப் பிடிக்கும் கொக்கி விளிம்பு கிடையாது. அவற்றில் தயாரிப்பாளர் அனுமதித்த டயரை மட்டுமே மாட்ட வேண்டும். காற்றழுத்தம் 72 பி.எஸ்.ஐ.யைத் தாண்டக் கூடாது. பழைய பழக்கத்தில் நூறு, நூற்றிருபது என்று அடித்தால் டயர் கழன்று ஓட்டுநர் விழ நேரிடும்.

மலிவாகக் கிடைக்கிறதே என்று பெயர் மட்டும் ஒட்டிய போலிச் சக்கரத்தை வாங்குவது உயிரோடு விளையாடுவதாகும். உத்தரவாதம், தொடர் எண், ஓட்டுநர் எடை வரம்பு ஆகிய மூன்றையும் கேட்டுப் பெற வேண்டும். பழைய சக்கரமென்றால் ரிம்மைச் சுழலவிட்டு, விரிசல், புடைப்பு, நெளிவு உள்ளதா என்று வெளிச்சத்தில் சோதிக்க வேண்டும்.

பணம் குறைவாக இருந்தால் முதலில் நல்ல டயர், பிறகு தரமான பிரேக் கட்டை. பயிற்சிக்கு அலுமினியச் சக்கரமே போதும். கார்பன், போட்டி நாளுக்குக் காத்திருக்கலாம். மலையேறும்போது 20 விநாடி பிந்தினால் அடுத்த போட்டியில் ஈடுகட்டலாம். இறங்கும்போது ரிம் கைவிட்டால் ஈடுகட்ட வழியில்லை. மகன் கேட்கும் சக்கரத்தின் எடையைப் பார்க்கும் முன், அது அவனைப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்குமா என்று பெற்றோர் பார்க்க வேண்டும்.