சைலன்சருக்குள் ஒரு சல்லடை

ஆலங்குளத்திலிருந்து ஓர் இளைஞர் கடிதம் எழுதியிருக்கிறார். தென்காசிப் பக்கத்து ஆலங்குளம் அல்ல. விருதுநகர் மாவட்டத்தில், 1970-இல் தொடங்கிய அரசு சிமெண்ட் ஆலையால் பெயர் பெற்ற ஆலங்குளம். அவருக்கு விலைக்கு வந்திருப்பவை இரண்டு பழைய வண்டிகள். ஒன்று 2012-ஆம் ஆண்டு ஹீரோ இம்பல்ஸ். மற்றது 2020-ஆம் ஆண்டு எக்ஸ்பல்ஸ் 200. எக்ஸ்பல்ஸில் கம்பெனி சைலன்சரைக் கழற்றிவிட்டு, ஊரையே திரும்பிப் பார்க்க வைக்கும் வேறொன்றை மாட்டியிருக்கிறார்களாம். அதற்காகவே விற்பவர் ஐயாயிரம் ரூபாய் கூடுதலாகக் கேட்கிறார். "இன்ஜின் நன்றாக இருந்தால் வாங்கிவிடலாம்தானே?" என்பது கேள்வி.

இன்ஜினைப் பார்க்க வேண்டியதுதான். ஆனால் அந்த ஊரில், அந்தக் கரிசல் காட்டில் ஓட்டப்போகிற வண்டிக்கு இன்ஜினைவிட முதலில் பார்க்க வேண்டியது சைலன்சரை.

மண்பாதைக்கென்றே பிறந்த வண்டிகள் இந்தியச் சாலைக்குத் தாமதமாகத்தான் வந்தன. காவாசாகி கேஎக்ஸ் போன்ற மோட்டோகிராஸ் வண்டிகளுக்கு ஹெட்லைட் கிடையாது, இண்டிகேட்டர் கிடையாது; ஆர்டிஓ பதிவும் கிடையாது. பந்தயத் தடத்தோடு அவற்றின் வாழ்க்கை முடிந்துவிடும். நம்பர் பிளேட்டோடு, சாமானியர் வாங்கும் விலையில் 2011-இல் வந்தது இம்பல்ஸ். 149 சிசி, சுமார் 13 குதிரைத்திறன். காலத்துக்கு முந்தி வந்ததாலோ என்னவோ, போதிய அளவு விற்காமல் நின்றுபோனது. 2015-இல் சி.எஸ். சந்தோஷ் டாக்கர் ராலியை முழுமையாக ஓடி முடித்த முதல் இந்தியர் ஆனார். அதற்குப் பிறகு இந்த வகை வண்டிகள் மேல் இளைஞர்களின் கண் திரும்பியது. எக்ஸ்பல்ஸ் 200 வந்தது 2019-இல். முன்சக்கரம் 21 அங்குலம், பின்சக்கரம் 18 அங்குலம். இன்ஜின் அடியிலிருந்து தரைக்கு 220 மில்லிமீட்டர் இடைவெளி.

இந்த வண்டிகளில் முன் மட்கார்டு டயரை ஒட்டி இருக்காது. ஒரு சாணுக்கும் மேலே, ஹெட்லைட்டுக்கு அடியில் அலகு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். அழகுக்கு என்று பலர் நினைக்கிறார்கள். கரிசல் காட்டுச் சம்சாரிக்கு அதன் காரணத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கரிசல் மண்ணில் மான்ட்மோரிலோனைட் என்ற களிமண் கனிமம் அதிகம். ஏடு ஏடாக அடுக்கிய அதன் படலங்களுக்கு நடுவே தண்ணீர் புகுந்ததும் மண் உப்பிப் பசையாகிவிடும். ஐப்பசி மழையில் சாதாரண பைக்கைத் தோட்டத்துப் பாதையில் இறக்கினால், டயரில் ஒட்டிய மண் சுற்றிச் சுற்றி மட்கார்டுக்குள் அடைந்து, கொஞ்ச தூரத்தில் சக்கரமே இறுகி நின்றுவிடும். பிறகு குச்சியை விட்டு நோண்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான். மட்கார்டு உயரத்தில் இருந்தால் அந்த மண் அடைய இடமில்லை.

இனி வாங்கப்போகிற இடத்துக்கு வருவோம். விற்பவர் வீட்டுக்குப் போனதும் முதல் வேலை, இன்ஜின் மேல் கையை வைத்துப் பார்ப்பது. சூடாக இருந்தால் முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள் என்று பொருள். ஆறும் வரை காத்திருந்து, குளிர்ந்த இன்ஜினைத்தான் எழுப்பிப் பார்க்க வேண்டும். நீலப்புகை நிற்காமல் வந்தால் பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்து ஆயில் எரிகிறது. முன் ஃபோர்க்கின் ரப்பர் உறையை மேலே தூக்கி, குழாயை விரலால் தடவ வேண்டும். பிசுபிசுப்பு இருந்தால் ஆயில் சீல் போய்விட்டது. முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிவைத்து ஹேண்டில்பாரை மெல்லத் திருப்பினால், நடுவில் ஓரிடத்தில் 'டக்'கென்று உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் பால் ரேஸ் குழி விழுந்திருக்கிறது, வண்டி நிறையக் குதித்திருக்கிறது. ஸ்போக் கம்பிகளை ஸ்பேனரால் ஒவ்வொன்றாகத் தட்டினால் இறுகிய கம்பி கணீரென்கும், தளர்ந்தது மொத்தென்கும். கடைசியாகத் தரையில் படுத்து, இன்ஜினுக்கு அடியில் ஃப்ரேமின் வெல்டிங் ஓரங்களைப் பார்க்க வேண்டும். புதிதாகப் பெயின்ட் அடித்த ஓரிடம் மட்டும் பளபளத்தால் அங்கே ஒரு கதை இருக்கிறது.

இவையெல்லாம் எந்த நல்ல மெக்கானிக்கும் சொல்வார். சைலன்சருக்குள் இருப்பதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை.

அமெரிக்காவின் தேசியக் காடுகளுக்குள் மண்பாதை பைக் ஓட்ட வேண்டுமானால், சைலன்சரில் தீப்பொறி தடுப்பான் இருந்தாக வேண்டும். அங்கு விற்கும் பல வண்டிகளில் சைலன்சரின் வால்முனையைத் திறந்தால், விரல் நீளத்துக்கு ஒரு சிறு கம்பிவலை கையில் வரும். டீ வடிகட்டி மாதிரிதான் இருக்கும். அதன் கண்ணி 0.58 மில்லிமீட்டருக்கு மேல் அகலமாக இருக்கக் கூடாது என்பது அந்நாட்டு வனத்துறையின் அளவு.

அந்த அளவுக்குக் காரணம் கரித்துகள். பெட்ரோல் எரியும்போது சிறிது கரி இன்ஜின் தலையிலும் சைலன்சர் குழாயின் உட்சுவரிலும் படிகிறது. வண்டி மெல்லப் போகும்வரை அது பேசாமல் இருக்கும். மேட்டில் ஆக்சிலேட்டரை முறுக்கும்போது வெளிவரும் புகையின் வெப்பம் 600 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அந்தச் சூட்டிலும் அதிர்விலும் பொருக்கு பெயர்ந்து, கனன்றபடியே குழாய் வழியாகப் பறக்கும். பொடித்துகள் என்றால் தரையைத் தொடுமுன் எரிந்தோ ஆறியோ போய்விடும். பெரிய துகள் சூட்டைச் சுமந்துகொண்டே போய்க் காய்ந்த புல்லில் விழும். வலை பிடிப்பது அந்தப் பெரிய துகளைத்தான். இன்னொரு வகையில் வலை இருக்காது. புகையைச் சுழலவிடும் தகடுகள் இருக்கும். சுழற்சியில் கனமான துகள் ஓரத்துக்கு வீசப்பட்டு ஒரு பையில் தங்கிவிடும், புகை மட்டும் வெளியேறும்.

நம் நாட்டிலும் இந்தக் கருவி புதிதல்ல. பெட்ரோல் ஏற்றும் டேங்கர் லாரிகளின் சைலன்சரில் இது சட்டப்படி கட்டாயம். நம் சாலை பைக்குகளில் தனி வலை இல்லாவிட்டாலும், கம்பெனி சைலன்சருக்குள் இருக்கும் தடுப்பு அறைகளும் தேன்கூட்டு வடிவிலான கேட்டலிடிக் கன்வர்ட்டரும் கரித்துகளுக்கு நேர்வழி விடுவதில்லை. புகை வளைந்து நெளிந்துதான் வெளியே வர வேண்டும். அதைக் கழற்றிவிட்டு வெறும் குழாயை மாட்டும்போது போவது அமைதி மட்டுமல்ல. தீயைத் தடுத்து நின்ற சுவரும் போகிறது.

இதில் இன்னொன்றும் உண்டு. சத்தக் குழாய் மாட்டிய வண்டியில் ஆக்சிலேட்டரைப் பட்டென்று விட்டால் 'பட் பட்'டென்று வெடிக்குமே, அதைக் கேட்கத்தான் பலர் காசு கொடுக்கிறார்கள். எரியாமல் தப்பி வந்த பெட்ரோல் ஆவி, சூடான குழாய்க்குள் காற்றோடு கலந்து எரிவதன் சத்தம் அது. இரவில் பார்த்தால் குழாய் முனையில் தீநாக்கு தெரியும்.

ஆலங்குளத்திலிருந்து வெம்பக்கோட்டை, சிவகாசி வரை கரிசல் காட்டில் எட்ட எட்ட நிற்கும் ஒற்றை அறைகள் பட்டாசு ஆலைகளுடையவை என்று அந்தப் பகுதியில் பிறந்தவர்களுக்குத் தெரியும். அவற்றின் வாசலில் செம்புத் தகட்டைத் தொட்டு, உடலிலுள்ள நிலைமின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் தொழிலாளர்கள் உள்ளே போக வேண்டும். பருத்தித் துணிதான் உடுத்த வேண்டும். இரும்புக் கருவி கூடாது, பித்தளையும் மரமும்தான். ஒரு பொறி பறக்கக் கூடாது என்பதற்காக இத்தனை கட்டுப்பாட்டோடு அம்மாக்களும் அக்காக்களும் வேலை பார்க்கிற ஊரில், வேலிக்கு வெளியே காய்ந்த மக்காச்சோளத் தட்டைக்கு நடுவே தீ கக்கும் குழாயோடு ஒருவர் சுற்றுவது எந்த வகையிலும் சரியல்ல. கம்பெனி கொடுத்த சைலன்சரை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டப்படியும் குற்றம். போலீஸ் பிடித்தால் அபராதத்தோடு போகும். தட்டைப் படப்பில் விழுந்த பொறி அப்படிப் போகாது.

கரி சேராமல் பார்த்துக்கொள்ள வழி ஏர் ஃபில்டரில் இருக்கிறது. 200 சிசி இன்ஜின் நிமிடத்துக்கு 5,000 சுற்று சுற்றினால், முழு ஆக்சிலேட்டரில் ஏறத்தாழ 500 லிட்டர் காற்றை உறிஞ்சும். ஆலங்குளம் பக்கம் அந்தக் காற்றில் இரண்டு வகைத் தூசி கலந்திருக்கும். மணல் தூசியில் உள்ள குவார்ட்ஸின் கடினத்தன்மை மோஸ் அளவுகோலில் 7. ஃபில்டர் கிழிந்திருந்தால் உள்ளே போய் சிலிண்டரைச் சுரண்டிவிடும். சுண்ணாம்புக்கல் தூசியின் கடினம் வெறும் 3. அது சுரண்டுவதைவிட அடைப்பதில்தான் கெட்டிக்காரத்தனம் காட்டும். ஃபில்டர் அடைந்தால் இம்பல்ஸ் போன்ற கார்புரேட்டர் வண்டியில் காற்று குறைந்து பெட்ரோல் மிகும். புகை கறுக்கும், சைலன்சரில் கரி ஏறும். ஃபோம் ஃபில்டர் என்றால் சோப்புத் தண்ணீரில் கசக்கி, நிழலில் உலர்த்தி, ஃபில்டர் ஆயில் தடவிப் பிழிந்து மாட்டலாம். ஆயில் ஊறிய காகித ஃபில்டரைக் கம்ப்ரஸர் காற்றால் ஊதுவது தவறு. புதிது போட வேண்டும். மழைக்காலத்தில் இன்ஜின் ஃபின்களுக்கு நடுவே கரிசல் மண் காய்ந்து இறுகினால் சூடு வெளியேறாது. ஒரு மரக்குச்சியை எடுத்து இடுக்கு இடுக்காகச் சுரண்டி எடுக்கலாம். வாட்டர் சர்வீஸில் பேரிங் மேல் நேராகத் தண்ணீர் பீய்ச்ச விடக் கூடாது. கிரீஸ் கரைந்து போய்விடும்.

எங்கே ஓட்டுவது என்பதும் பராமரிப்பில் சேர்த்திதான். கோடையில் வறண்டு கிடக்கும் கண்மாய் உள்வாய் ஓட்டிப் பழக வசதியாகத் தெரியும். கரை மேல் ஏறி இறங்குவதை மட்டும் விட்டுவிட வேண்டும். முள் டயர் கிழித்த தடத்தில் முதல் மழைத் தண்ணீர் வழிந்து அரிக்கும். அந்தக் கரையை நம்பித்தான் கீழே வயல் இருக்கிறது. மேற்கே தெரியும் மலை 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம். அனுமதியில்லாமல் வண்டியோடு அங்கே நுழையக் கூடாது.

ஆகவே ஆலங்குளத்து இளைஞருக்கு: 2012 இம்பல்ஸின் பதினைந்து ஆண்டுப் பதிவு 2027-இல் முடிகிறது. வாங்கிய கையோடு ஆர்டிஓ சோதனைக்கு நிறுத்திப் புதுப்பிக்க வேண்டியிருக்கும். உற்பத்தி நின்ற வண்டி என்பதால் உதிரிபாகத்துக்கும் அலைச்சல் உண்டு. எக்ஸ்பல்ஸை வாங்கலாம், ஒரு நிபந்தனையோடு. கழற்றிய கம்பெனி சைலன்சர் எங்கே என்று கேளுங்கள். பெரும்பாலும் வீட்டுப் பரணிலோ மெக்கானிக் கடை மூலையிலோ கிடக்கும். அது கைக்கு வந்தால் மட்டும் விலை பேசுங்கள். கூடுதல் ஐயாயிரத்தைக் கொடுக்காதீர்கள். ஆர்சியில் உள்ள சேசிஸ் எண்ணை வண்டியில் பொறித்ததோடு ஒப்பிட்டு, படிவம் 29, 30-இல் கையெழுத்து வாங்கி, முப்பது நாளுக்குள் பெயர் மாற்றிவிடுங்கள். பழைய சைலன்சரைத் திரும்ப மாட்டும்போது இன்ஜினோடு சேரும் இடத்துக்குப் புது கேஸ்கெட் போடச் சொல்லுங்கள். அங்கே காற்று கசிந்தால் கம்பெனி சைலன்சரிலும் அந்த 'பட் பட்' கேட்கும்.