புலப்படத் தூரங்களும் நிலைய ஆயத்தொலைவுகளும்: கும்மிடிப்பூண்டிப் பகுதியை முன்வைத்து

திருவள்ளூர் மாவட்டத்தில் கும்மிடிப்பூண்டி, தேர்வாய்கண்டிகை ஆகிய இடங்களிலுள்ள சிப்காட் தொழிற்பூங்காக்கள் பல புல எண்களை ஒரே வளாகமாக இணைத்து அமைந்தவை. புலப்படமோ ஒவ்வொரு புலத்தையும் தனியே அளந்து வரைந்தது. அதில் இருப்பவை தூரங்கள். புவியில் அப்புலத்தின் இடநிலையை அது கூறுவதில்லை. தூரத்தை இடநிலையாக மாற்றுகையில் நேரும் பிழை நிலம் தந்தவரின் இழப்பீட்டைப் பாதிக்கும் என்பதால் இக்கணக்கு கவனத்திற்குரியது.

புலத்தின் இரு கற்களை இணைக்கும் கோட்டை நில அளவர் ‘ஜி லைன்’ என்பர். அக்கோட்டின்மீது ஓரளவும், அதற்குச் செங்குத்தாக வலமோ இடமோ மற்றோரளவும் குறித்து, வளைவுப் புள்ளிகள் பதியப்படும். கோட்டின் திசைக்கோணம் படத்தில் இராது. களத்தில் எஞ்சியுள்ள இரு கற்களின் ஆயத்தொலைவுகளை அளந்தே அதனைப் பெறவேண்டும். தொடக்கக் கல் கிழக்கு 1000, வடக்கு 1000 மீட்டர் எனவும், திசைக்கோணம் வடக்கிலிருந்து 36°52′ எனவும் கொள்வோம். இதன் சைன் 0.6, கோசைன் 0.8. கோட்டில் 100 மீட்டரும் வலப்புறம் 20 மீட்டரும் சென்றால் கிழக்கு 1000 + 60 + 16 = 1076; வடக்கு 1000 + 80 − 12 = 1068. இரு புள்ளிகளுக்கிடையே தூரம் 101.98 மீட்டர். புலப்பட அளவுகளான 100, 20 ஆகியவற்றிலிருந்து பிதாகரசு தேற்றத்தால் நேரே கணித்தாலும் இதுவே வரும். வாராவிடில் கணக்கீட்டில் பிழை நேர்ந்திருத்தல் கூடும்; ஆயினும் வலமும் இடமும் மாறியிருந்தாலும் தூரம் இதுவே வருமாதலால் அப்பிழையை இச்சோதனை காட்டாது.

இதைவிட எளிதில் தப்பிவிடுவது அலகுப் பிழை. பழைய படங்களின் அளவு குண்டர் சங்கிலிக்குரியது: 66 அடி, 100 கண்ணி, கண்ணிக்கு 20.1168 செ.மீ. மெட்ரிக் சங்கிலியின் கண்ணி 20 செ.மீ. பெயர் ஒன்றாயிருப்பதால் முன்னதைப் பின்னதாகக் கொண்டால் நீளம் 0.58 விழுக்காடும் பரப்பு 1.16 விழுக்காடும் குறையும். பத்து எக்டேரில் இக்குறைவு ஏறத்தாழ 28.6 சென்ட், ஒரு சிறு உழவரின் மொத்த நிலமே அவ்வளவாக இருக்கலாம்.

சங்கிலியும் தன்னளவில் மாறாததன்று. வளையங்கள் தேய்ந்து நீண்ட சங்கிலி, தூரத்தைக் குறைத்தே காட்டும். 1802இல் வில்லியம் லாம்டன் பரங்கிமலைக்கருகே ஏறத்தாழ ஏழரை மைல் அடிக்கோட்டை 100 அடி எஃகுச் சங்கிலியால் அளந்தபோது, வெப்பமானிகளை உடன்வைத்து வெப்பத்தால் ஏற்படும் நீட்சியைக் கணக்கிட்டுத் திருத்தினார். கிராமப் புல அளவைக்கு அத்தகைய நுட்பம் வாய்க்கவில்லை, எதிர்பார்ப்பதும் முறையன்று.

செயற்கைக்கோள் கருவி வந்தபின்னும் ஒரு நுணுக்கம் எஞ்சுகிறது. இப்பகுதி யு.டி.எம். 44ஆம் மண்டலத்தில், 81° கிழக்கு நடுக்கோட்டுக்கு மேற்கே ஏறத்தாழ 95 கி.மீ. தொலைவில் உள்ளது. இங்கு அளவுக்காரணி சுமார் 0.9997. எனவே தரையில் ஒரு கிலோமீட்டர், ஆயத்தொலைவுகளிலிருந்து கணிக்கையில் ஏறத்தாழ 30 செ.மீ. குறைந்து வரும். எல்லைக்கல் நடுகையில் கணித்த தூரத்தை இக்காரணியால் வகுத்த பின்னரே தரையில் அளத்தல் வேண்டும்.