‘வரலாம்ணே... ஹோல்டான்!’

ஸ்ரீபெரும்புதூரில் செய்யும் செல்பேசிக்குள் இருக்கும் சிப்பும் நம் ஊரில் விளைந்ததுதானா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். இல்லை. 2006இல் நோக்கியா ஆலை திறந்தது முதல் சுங்குவார்சத்திரத்தில் ஐபோன் பூட்டும் இன்றுவரை, வெளியிலிருந்து வரும் சிப்பைப் பலகையில் பதிக்கிறோம். மேடைப் பேச்சுகளில் இந்த வித்தியாசம் வசதியாகத் தொலைந்துவிடும்.

பதிப்பது ஒரு வேலை; சிப்பை வரைவது வேறு கலை. அதில் ஒரு மூலையை மட்டும் பார்ப்போம். 5ஜியில் 6 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே ஓர் அலைத்தடம் 100 மெகாஹெர்ட்ஸ் வரை அகலமாகலாம். அதை வடிகட்டும் சுற்றிலுள்ள ஆப்-ஆம்ப் என்னும் சீமாஸ் (CMOS) பெருக்கி துல்லியமாகவும் இருக்க வேண்டும், பறக்கவும் வேண்டும். இரண்டும் எளிதில் ஒத்துப்போவதில்லை.

ஒரகடத்தில் கன்டெய்னர் லாரி ரிவர்ஸ் எடுப்பதைப் பாருங்கள். பின்னால் கிளீனர் ‘வரலாம்ணே, வரலாம்ணே’ என்கிறார். இதுதான் பின்னூட்டம். அவர் குரல் நேரே டிரைவருக்குப் போனால் வண்டி சட்டென நிற்கும், ஆனால் ஓரடி தள்ளி. இது ஒற்றை அடுக்குப் பெருக்கி. துல்லியம் கூட்ட டிரான்சிஸ்டர் மேல் டிரான்சிஸ்டர் அடுக்கலாம். அதுதான் டெலஸ்கோப்பிக் வடிவம். ஆனால் 5 வோல்ட்டாக இருந்த மின்னழுத்தம் இன்று 1 வோல்ட் அருகே வந்துவிட்டது. பாலம் தாழ்ந்துவிட்டது, இரட்டைப் பெட்டி நுழையாது. பக்கத்தில் மடித்து வைத்தால் நுழையும்; அப்போது இரண்டு வண்டிக்கு டீசல், அதாவது கூடுதல் மின்சாரம்.

சரி, இரண்டு அடுக்கு வைப்போம். கிளீனர் சொல்வதைக் கேட்டு சூப்பர்வைசர் டேப் பிடித்து அளந்து டிரைவருக்குச் சொல்கிறார். அங்குலம் பிசகாது. ஆனால் ‘ஹோல்டான்’ வந்து சேர்வதற்குள் வண்டி இடித்திருக்கும். முன்னே எடுப்பார், மறுபடி பின்னே, மறுபடி முன்னே. பெருக்கி அலைவியாகிவிட்டது! இதற்குப் பழைய மருந்து, டிரைவரை ஊர்ந்து வரச் சொல்வது. 1968இல் வந்த 741 ஆப்-ஆம்ப் சிப்பில் 30 பிகோஃபாரட் மின்தேக்கி செய்த வேலை இதுவே. பிழைத்தது, ஆனால் வேகம் சுமார் 1 மெகாஹெர்ட்ஸ்தான். வரலாறு இவ்வளவு போதும்.

எனக்குப் பிடித்தது மூன்றாவது வழி: முன்னூட்டம். கிளீனரின் குரல் சூப்பர்வைசருக்கும் போகட்டும், அதே நொடியில் டிரைவர் காதிலும் நேரே விழட்டும். வேகமான மாற்றங்களைக் குரல் பார்த்துக்கொள்ளும், நிதானமானவற்றை டேப். அதிர்வெண் ஏற ஏற சூப்பர்வைசர் தானாகவே ஒதுங்கிக்கொள்கிறார், யாரும் அவரைப் போகச் சொல்வதில்லை. பின்னூட்டத்திலிருந்தே ஆப்-ஆம்பை வளர்த்தெடுக்கும் சென்னை ஐஐடியின் நாகேந்திர கிருஷ்ணபுராவின் வகுப்புகள் என்பிடெல் (NPTEL) இணையத் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. லாரி மட்டும் அங்கே இருக்காது.

இதுவும் மந்திரமல்ல. இரண்டு பாதைகளும் கச்சிதமாகப் பொருந்தாவிட்டால், வண்டி நின்றதுபோல் தெரிந்தபின்பும் கடைசி அங்குலத்துக்கு நெடுநேரம் நகர்ந்துகொண்டே இருக்கும். தொடர்ச்சியாக ஓடும் வடிகட்டிக்கு அது பெரிய குறையல்ல. குறித்த நானோநொடியில் நின்று மாதிரி எடுக்க வேண்டிய சர்க்யூட்டுக்கு ஆகாது. அங்கே பல நேரங்களில் சூப்பர்வைசரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, கூடுதல் டீசலைப் போட்டு மடித்த வடிவத்துக்கே திரும்புகிறார்கள்.